முனிலட்சுமியும் ரோடும் ஒரே மாதத்தில் வந்தார்கள்

அந்த ஆவணி மாதம் எங்கள் வீட்டுக்கு இரண்டு வரவு. ஒன்று, என் அண்ணன் கமலக்கண்ணன் தாலி கட்டிக் கூட்டிவந்த முனிலட்சுமி. இன்னொன்று, ரோடு.

ரோடு முன்பே அங்கேதான் கிடந்தது. ஓசூர் டவுனிலிருந்து பாகலூர் போகிற ரோடு, எங்கள் தோட்டத்து வேலியை ஒட்டிப் போகும். எதிரெதிரே இரண்டு பஸ் வந்தால் ஒன்று மண்ணில் இறங்கி நிற்க வேண்டும். அந்த நேரத்தில் டிரைவர்கள் இரண்டு பேரும் வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று விசாரித்து முடித்துவிடுவார்கள். கம்பெனிகள் பெருகிவிட்டன, லாரிகள் பெருகிவிட்டன, ரோட்டை அகலமாக்கப் போகிறோம் என்று கல் நட்டார்கள். கல்யாணப் பந்தலின் மூங்கிலைப் பிரித்துக்கொண்டு போன அதே வாரத்தில், வேலிக்கு இந்தப் பக்கம், எங்கள் மல்பெரித் தோட்டத்துக்குள் ஒரு வெள்ளைக் கல் முளைத்தது.

எனக்குக் கை சும்மா இருக்காது. அந்தக் கல்லுக்கு மஞ்சள் பூசி, பெரியதாக ஒரு குங்குமப் பொட்டு வைத்தேன். அளக்க வருகிறவன் அடுத்த தடவை செருப்பைக் கழற்றிவிட்டு அளக்கட்டும் என்று ஒரு ஆசை. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், என் அம்மா செல்வம்மாள் அதன் தலையில் ஒரு செம்பருத்தியை வைத்துவிட்டுக் கண்ணை மூடி நிற்கிறாள். ரோட்டுக்காரர்கள் ஊரெல்லாம் கல் நட்டார்களே, அது அவளுக்குத் தெரியாதா என்று கேட்டால், தெரியும். ஆனால் மஞ்சளைப் பார்த்தபிறகு அது வேறு கல்லாகிவிட்டது.

“எல்லைச் சாமி தானா வந்து உக்காந்துருக்குது” என்றாள். “மருமக வந்த நேரம்.”

முனிலட்சுமி என்னைப் பார்த்தாள். என் விரல் நகத்தில் குங்குமம் ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மா திரும்பி நடந்ததும், “மணி, கைய களுவிட்டுச் சாப்புட வா” என்றாள். இந்த வீட்டில் ஒரு ஆள் தேறும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

எங்கள் வீடு பட்டுப்புழு கட்டிய வீடு. அப்பா செத்தபோது அம்மாவிடம் இருந்தது மல்பெரித் தோட்டமும் ஒரு கீற்றுக் கொட்டகையும்தான். புழு வளர்த்து, கூடு விற்று, கீற்றை எடுத்து ஆஸ்பெஸ்டாஸ் போட்டாள். அண்ணனை ஐடிஐ படிக்கவைத்துக் கம்பெனியில் ஏற்றியதும் புழுதான். என்னைப் படிக்கவைக்க மட்டும் புழுவால் முடியவில்லை. அதற்கு நான் பொறுப்பு, புழு பொறுப்பில்லை.

புழு வளர்க்கிற வீட்டில் புழு இருக்கும் அறைதான் சாமி அறை. பீடி குடித்தவன் போகக் கூடாது. சென்ட் அடித்தவன் போகக் கூடாது. இழவு வீட்டுக்குப் போய் வந்தவன் போகக் கூடாது. வாசலில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பெண்கள் மாதத்தில் அந்த மூன்று நாள் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. இதில் பாதி பட்டு ஆபீசர் சொன்னது, பாதி ஊர் சொன்னது. எது யார் சொன்னது என்று இப்போது யாராலும் பிரிக்க முடியாது. புழு செத்தால், எந்த விதி மீறப்பட்டது என்று பார்ப்பதில்லை. யார் மீறினார்கள் என்றுதான் பார்ப்பார்கள்.

முனிலட்சுமிக்குத் தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு சின்ன ஊர். அங்கேயும் புழு உண்டு. தெலுங்கு வீடு. பெண் பார்க்கப் போனபோது அம்மா அவளைப் பாடச் சொல்லவில்லை, சமையலைப் பற்றிக் கேட்கவில்லை. நேராகக் கேட்டாள்.

“சின்னப் புழுவுக்கு எலைய எப்பிடி நறுக்குவ?”

“புழு நீளம் எவ்ளோவோ, அதுக்கேத்த மாதிரி அத்தை.”

“அது தோலு உரிக்கப் படுத்துனா?”

“எலை போடக் கூடாது. பேசக்கூட மாட்டேன்.”

அம்மா அங்கேயே பூ வைத்துவிட்டாள். மாப்பிள்ளை யார் என்பதை அதற்குப்பிறகுதான் அவர்களுக்குக் காட்டினோம்.

வந்த புதிதில் அவள் வளர்த்த புழுவைப் பார்க்க அக்கம்பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தார்கள். கடைசிப் பருவத்தில் புழு இலை தின்னும் சத்தம் ஓட்டின்மேல் மழை பெய்கிற மாதிரி இருக்கும். அவள் இலையைப் பரப்பிக்கொண்டே, “தினண்டி, தினண்டி” என்பாள். சாப்பிடுங்க என்று அர்த்தம். புழுவுக்கு மரியாதை கொடுத்துப் பேசிய ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

“எங்களுக்கெல்லாம் ‘துன்னுடா’. புழுவுக்கு ‘தினண்டி’யா?” என்று கேட்டேன்.

“அதுங்க துன்னா கூடு கட்டுது. நீ துன்னா இன்னா பண்ற?” என்றாள்.

அந்தக் கூட்டைக் கிருஷ்ணகிரி மார்க்கெட்டில் கொட்டியபோது வியாபாரி ஒருத்தர் ஒரு கூட்டைக் காதருகில் வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, “யாரும்மா வளத்தது?” என்று கேட்டார். “எம் மருமக” என்று அம்மா சொன்ன குரலை அதற்குமுன் நான் கேட்டதில்லை. அதற்குப்பிறகும் கேட்கவில்லை.

பிறகு ரோட்டு வேலைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். மொத்தமாக வந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

முதலில் வந்தவன் மரம் வெட்டுகிறவன். கொட்டகைக்கு மேலே நிழலாக நின்ற இரண்டு புளியமரத்திலும் சிவப்புப் பெயின்ட் அடித்தான். அம்மா கேட்டதற்கு, “ரெண்டு மரந்தானம்மா. எங்கியாவது பத்து நட்டுக் குடுத்துருவாங்க” என்றான்.

“எங்கப்பா நடுவாங்க?”

“அதான் சொல்றனே, எங்கியாவது.”

அடுத்து வந்தவன் மோரியைப் பிடுங்கினான். ரோட்டுக்கு அடியில் மழைத்தண்ணீர் புகுந்து ஏரிக்குப் போகிற அந்தப் பழைய கல் மோரி அப்பா பிறக்கும் முன்பே இருந்தது. “ஒரு மோரிதானக்கா. பைப்பு போட்டுத் தர்றோம்” என்றான். சொன்னபடி போட்டான். ஆனால் கான்கிரீட் கலவை மிஞ்சியதை அந்தப் பைப்பின் வாய்ப் பக்கமே கொட்டிவிட்டுப் போனான். அந்த ஐப்பசி மழைக்குத் தண்ணீர் ஏரிக்குப் போகவில்லை, எங்கள் தோட்டத்தில் குடியிருந்தது. ஒரு பக்கம் செடி வேர் அழுகி இலை மஞ்சளாயிற்று. கிணற்றுத் தண்ணீரில் தார் வாசம் வந்தது.

அதற்கும் அடுத்து ஜல்லி லாரி. பர்கூர்ப் பக்கத்துக் கல்லெல்லாம் எங்கள் வேலியோரமாகத்தான் போயிற்று. “கொஞ்ச நாளு தூசிதாங்க” என்றார் ஒரு சூப்பர்வைசர். கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு சொன்னார். கல் நட்ட இடம் வரைக்கும் நிலத்தை எடுத்தபோது, “ஒரு ஓரந்தான்” என்றார் இன்னொருவர். அந்தக் கல்லை என்ன செய்வார்கள் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். குங்குமத்தைப் பார்த்துப் பயந்து, அதை அப்படியே தூக்கி எங்கள் கொட்டகை ஓரத்தில் மரியாதையாக வைத்துவிட்டுப் போனார்கள். அம்மா அங்கேயும் விளக்கேற்றினாள்.

அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. இரண்டு மரம்தான். ஒரு மோரிதான். கொஞ்ச நாள் தூசிதான். மரத்துக்காரன் மோரியைப் பார்த்ததில்லை. மோரிக்காரன் தூசி கிளம்பும் முன்னே அடுத்த ஊருக்குப் போய்விட்டான். தூசிக்காரருக்கு இங்கே மரம் இருந்ததே தெரியாது. அவரவர் பங்கைக் கொடுத்துவிட்டு அவரவர் நல்லவராகப் போனார்கள். எல்லாப் பங்கும் சேர்ந்து வந்து இறங்கியது புழுக் கொட்டகையில். நிழல் போனதால் ஆஸ்பெஸ்டாஸ் சுட்டது. வேர் அழுகியதால் இலையில் சத்து இல்லை. அந்தச் சத்தில்லாத இலைமேல் ஜல்லித் தூசி முகப்பவுடர் மாதிரி அப்பிக்கிடந்தது. புழு பேசாது, மனு கொடுக்காது. இலையை விட்டுத் தலையைத் தூக்கிக்கொண்டு தட்டின் ஓரத்துக்கு நகர்ந்து, மெத்தென்று ஆகி, கறுத்துச் சாகும்.

இதையெல்லாம் கூட்டிப் பார்க்க ஒரு ஆள் வேண்டாமா என்று பிற்பாடு பட்டு ஆபீசர் ஒருத்தர் வருத்தப்பட்டார். ஆள் இருந்தது. என் அம்மா கூட்டிப் பார்த்தாள். மரம் போனது எப்போது, மோரி போனது எப்போது, கிணறு கெட்டது எப்போது, புழு செத்தது எப்போது என்று விரல் மடக்கினாள். எல்லாம் முனிலட்சுமி வந்தபிறகு. கூட்டல் சரியாகத்தான் வந்தது. பெயரை மட்டும் மாற்றிப் போட்டுவிட்டாள்.

முதல் தடவை புழு செத்தபோது அம்மா தட்டுகளைக் கழுவிக் காயவைத்ததோடு சரி. இரண்டாவது தடவை, தினமும் காலையில் கொட்டகை வாசலில் நின்று கேட்க ஆரம்பித்தாள்.

“இன்னிக்கி நீ நல்லாத்தான இருக்க?”

“நல்லாத்தான் இருக்கேன் அத்தை.”

“மறைக்காத. புழுவுக்குத் தெரிஞ்சிரும்.”

பால் ஊற்ற வருகிறவன், நான், அண்ணன், எல்லாரும் இருக்கும்போதே கேட்பாள். அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்வாள். அண்ணன் அப்போது ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருப்பான். அவன் ஷூவுக்குக் கயிறு கட்ட எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு செருப்புக் கடையே வைத்திருக்கலாம்.

ஒரு நாள் கேட்டுவிட்டேன். “அண்ணா, உங்க கம்பெனில மிசின் நின்னா யாருக்கு அந்த மூணு நாளுன்னு பாப்பாங்களா?”

“பெரியவங்க பேசறதுல தலையிடாத” என்றான். அவன் தலையிட்டிருந்தால் நான் ஏன் தலையிடப் போகிறேன்.

முனிலட்சுமிக்குத் தூசிதான் காரணம் என்று தோன்றியது. தோன்றியது சரி. அதற்கு அவள் செய்ததுதான் வினையாகிவிட்டது. அடுத்த புழுவுக்கு இலையையெல்லாம் பெரிய அண்டாவில் போட்டு அலசினாள். அண்டாவின் அடியில் சிமென்ட் மாதிரி வண்டல் படிந்தது. அதை அள்ளி என் உள்ளங்கையில் வைத்து, “பாரு, இதத்தான் துன்னுச்சுங்க பாவம்” என்றாள். அலசிய இலையைப் புடவையில் பரப்பி, ஃபேன் போட்டு, ஈரம் போக விசிறி, ஒற்றி ஒற்றி எடுத்தாள். ஆனால் அது ஆடித் தூறல் நாள். வானம் மூடியே கிடந்தது. இலை காயவில்லை. புழு பசியில் தலையைத் தலையைத் தூக்கியது. மனசு கேட்காமல் போட்டுவிட்டாள்.

ஈர இலை புழுவுக்கு ஆகாது. அது அவளுக்கும் தெரியும். தூசி இலையும் ஆகாது என்று தெரிந்ததால், இரண்டில் எது குறைவாகக் கொல்லும் என்று அவள் யோசித்திருக்கிறாள். மூன்றாம் நாள் கொட்டகையில் நாற்றம் அடித்தது. குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினோம்.

அம்மா குழியின் ஓரத்தில் நின்று சொன்னாள். “ரோடு எல்லார் ஊட்டு ஓரமாவுந்தான் போவுது. எல்லார் ஊட்லயுமா சாவுது?”

“மத்தவங்க புழு வளக்கலயே அத்தை” என்றாள் முனிலட்சுமி.

“எதுத்துப் பேசறதுக்கு மட்டும் வாயி வருது. நாளிக்கி உங்கப்பன வரச் சொல்லு. இட்டுனு போவட்டும்.”

அண்ணன் நைட் ஷிப்ட் முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பினேன். புரண்டு படுத்தான்.

அண்ணியின் அப்பா வந்தார். நல்ல மனிதர், அதிகம் பேசத் தெரியாதவர். ஒரு பலாப்பழத்தோடு வந்தார். மகளை அழைத்துக்கொண்டு போக வந்தவர் பலாப்பழம் கொண்டுவந்தது ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அம்மாவும் வாங்கிவைத்துக்கொண்டாள். பையை எடுக்கிற நேரத்தில்தான் முனிலட்சுமி அந்த யோசனையைச் சொன்னாள்.

“அத்தை, ஒரே ஒரு தடவ. எங்க அம்மா ஊட்டு எலையப் போட்டுப் பாக்கலாம். அங்க ரோடு இல்ல. நானே அறுத்து எடுத்தாறேன். அதுவும் செத்தா நான் இந்த ஊட்டுப் பக்கமே வர மாட்டேன்.”

அம்மா கொட்டகைப் பக்கம் பார்த்தாள். புழு அவளுக்கும் உயிர்தான்.

“சரி. எலைய கொண்டா. ஆனா நீ வாசல்லியே நிக்கணும். உள்ள காலு வெக்கக் கூடாது.”

முனிலட்சுமி ஒப்புக்கொண்டாள். புழு பிழைத்தால் போதும், தான் பிழைத்துவிடலாம் என்று நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். எட்டாவதுக்கு மேல் படித்திருந்தால் அப்போதே சந்தேகம் வந்திருக்குமோ என்னவோ.

புழு முட்டை கொஞ்சமாகத்தான் வாங்கினோம். அம்மா உள்ளே, முனிலட்சுமி வெளியே. அவள் பிறந்த வீட்டில் தங்கி, விடியும்போதே இலை அறுத்து, நனைத்த கோணியில் சுற்றி, தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் ஏற்றி ஓசூர் வருவாள். அங்கிருந்து டவுன் பஸ். மூட்டையைப் பார்த்ததும் கண்டக்டர் தினமும் சண்டைக்கு வந்தார்.

“இன்னாம்மா, ஆட்டுக்கா?”

“புழுவுக்கு.”

“புழுவுக்கு மூட்ட எலையா? எத்தினி புழு?”

“நீங்க எண்ணிச் சொல்லுங்க, டிக்கெட்டு வாங்கறேன்.”

அதற்குப்பிறகு அவர் இன்ஜின் மேல் மூட்டையை வைக்க விடாமல், சூடு பட்டு இலை வாடிவிடும் என்று தானே பின்பக்கம் வைத்துக் கொடுக்க ஆரம்பித்தார். இரண்டொரு நாள் யானை வழியில் நிற்கிறது என்று பஸ் வரவில்லை. கடைசி நாட்களில் புழு பேய்போல் தின்றபோது, காய்கறி டெம்போவில் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வந்தாள். எங்கள் வாசலில் மூட்டையை இறக்குவாள், பிளீச்சிங் தண்ணீருக்கு இந்தப் பக்கமே நின்று உள்ளே காது கொடுப்பாள். மழைச் சத்தம் கேட்கும். உதடு அசையும். என்ன சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்குக் கேட்காத மாதிரி சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போவாள்.

புழு பழுத்தது. கூடு கட்டுவதற்கான மூங்கில் தட்டில், சந்திரிகையில், விட்டோம். தட்டு முழுக்க ஒரு சந்துகூட விடாமல் கூடு கட்டியது. கல்லு மாதிரிக் கூடு. அம்மா ஒன்றை எடுத்துக் காதருகில் வைத்து ஆட்டிப் பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. முனிலட்சுமி வாசலில், பிளீச்சிங் தண்ணீருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். கூப்பிடப் போகிறாள் என்று நினைத்து ஒரு காலை முன்னால்கூட எடுத்து வைத்தாள்.

அம்மா வெளியே வந்து, பக்கத்துத் தோட்டத்து நாராயணம்மாவிடம், அண்ணிக்கும் கேட்கும்படியாகவே சொன்னாள். “பாத்தியா, அவ காலு உள்ள படல. எப்பிடிக் கட்டிருக்குது பாரு.”

நாராயணம்மா தலையாட்டினாள்.

நான் சொன்னேன், “அம்மா, எலை மாறுச்சே.”

“எலையில இன்னாடா இருக்குது. பச்சையா இருந்தா எலை.”

“அந்த எலையில தூசி இல்லம்மா.”

“நீ எட்டாவதே தாண்டல. உனக்கு இன்னா தெரியும்?”

இலை மாறியதும் நிஜம். அவள் உள்ளே வராததும் நிஜம். ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்திருந்தால் ஜெயித்திருக்கலாம். இரண்டையும் மாற்றினால் அம்மாவுக்கு எது வேண்டுமோ அதை அவள் எடுத்துக்கொள்வாள். தன்னைக் காப்பாற்றக் கொண்டுவந்த இலையாலேயே அண்ணி தோற்றுப்போனாள். எடுத்து வைத்த காலை மெதுவாகப் பின்னால் இழுத்துக்கொண்டாள். கோணிகளை உதறி மடித்தாள். அவளுக்கு அழவும் தெரியும். ஆனால் அன்றைக்கு அழவில்லை.

சாயங்காலம் அண்ணன் வந்ததும் அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “நீயும் அப்பிடித்தான் நெனக்கிறியா?”

“கூடு நல்லா வந்துருச்சில்ல. இனி எதுக்குப் பிரச்சன?” என்றான்.

அடுத்த வாரம் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒயருக்கு முனை மாட்டுகிற வேலை. தெற்கத்திப் பெண்கள் சிலர் எடுத்திருந்த அறையில் ஒரு பாய் போட்டுக்கொண்டாள். அங்கேயும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கோட்டு மாட்டி, கையைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டுமாம். “ஆனா மூணு நாளும் உள்ள விடறாங்க மணி. விடாம வேலையும் வாங்கறாங்க” என்றாள். அண்ணன் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை ஒரு பொட்டலம் பஜ்ஜியோடு போய், அறை வாசலில் நின்று பார்த்துவிட்டு வருவான். பஜ்ஜியைத் தவிர அவனுக்கு வேறு எதையும் கொண்டுபோகத் தெரியவில்லை.

ரோடு திறந்தார்கள். அழகான ரோடுதான். கார்கள் எங்கள் வீட்டைப் பார்க்கக்கூட நேரம் இல்லாமல் போயின. தூசி கொஞ்ச நாளில் போய்விட்டது, சூப்பர்வைசர் சொன்னபடியே. அந்த இடத்துக்குப் புகை வந்து உட்கார்ந்துகொண்டது.

அம்மா மறுபடி முட்டை வாங்கினாள். இப்போது குறுக்கே யாரும் இல்லை. அவளே இலை அறுத்தாள், ரோட்டோரத் தோட்டத்து இலை. தூரத்து இலை கொண்டுவர ஆள் இல்லை. புழு பாதியில் தலையைத் தூக்கியது. செத்தது.

அம்மா கொட்டகைக்கு நடுவில் நின்று சுற்றிலும் பார்த்தாள். வீட்டில் நானும் அண்ணனும் மட்டும். பெண் என்று பார்த்தால் அவள் ஒருத்திதான். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒருமுறை அந்தக் கணக்கைத் தன் பக்கம் திருப்பிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் உள்ளே போய், முனிலட்சுமி சீராகக் கொண்டுவந்த டிரங்குப் பெட்டியைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்தாள்.

“இது இங்க கெடக்கற வரைக்கும் ஆவாது. கொண்டுபோயிக் குடுத்துட்டு வா.”

சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு புது ரோட்டில் போனேன். நிழல் ஒரு துண்டு இல்லை. பெட்டியைத் தள்ளுவதற்கு நல்ல ரோடு, மேடு பள்ளம் கிடையாது. அண்ணி பெட்டியைத் திறந்து பார்த்தாள். கல்யாணப் புடவை, ஒரு கண்ணாடி, மடித்த கோணி இரண்டு.

“கோணிய எதுக்கு வெச்ச?” என்றேன்.

“மறுபடி எலை கேப்பாங்கன்னு” என்றாள்.

அவள் நினைத்தது தப்பில்லை. அதற்கடுத்த புழுவும் செத்தபிறகு அம்மா வெள்ளைப் புடவையை மாற்றிக் கட்டிக்கொண்டு, “சிப்காட்டுக்கு எந்த பஸ்ஸுடா?” என்று கேட்டாள். அழைத்துவரத்தான் போகிறாள் என்று நம்பினேன். நல்ல சட்டை போட்டுக்கொண்டு கூடப் போனேன்.

பகல் ஷிப்ட் விடுகிற நேரம். கம்பெனி கேட்டுக்கு எதிரே, புதிதாகக் கட்டிய பஸ் ஸ்டாப்பில் நின்றோம். கூரை உண்டு, உட்கார இடம் கிடையாது. பெண்கள் கூட்டம் கூட்டமாக வெளியே வந்தார்கள். அடையாள அட்டை கழுத்தில் தொங்க, முனிலட்சுமி அம்மாவைப் பார்த்ததும் நின்றாள். பிறகு வந்து, “வாங்க அத்தை” என்றாள்.

அம்மா நேராக விஷயத்துக்கு வந்தாள். “புழு நிக்க மாட்டேங்குது. உங்க அம்மா ஊட்டு எலை வேணும்.”

“எலை மட்டுமா?”

அம்மா எங்கேயோ பார்த்தாள். “நீ வாசலோட குடுத்துட்டுப் போனா போதும். முன்ன மாதிரி.”

அண்ணி என்னைப் பார்த்தாள். நான் என் நல்ல சட்டையைப் பார்த்துக்கொண்டேன்.

“அந்தத் தோட்டமும் போவுது அத்தை” என்றாள் மெதுவாக. “தேன்கனிக்கோட்ட ரோட்டயும் அகலம் பண்றாங்க. எங்க ஊருக்கு ஒரு புது வழி பிரிக்கறாங்களாம். போன வாரம் எங்க வேலிக்குள்ள கல்லு நட்டுட்டாங்க. ஒரு ஓரந்தான்னு சொன்னாங்களாம்.”

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். எனக்கு அந்தப் பார்வை தெரியும். விரல் மடக்குகிற பார்வை. இந்த ஒரு தடவை கூட்டல் சரியாக வந்துவிட வேண்டும் என்று நான், சாமி நம்பிக்கை இல்லாதவன், எங்கள் கொட்டகை ஓரத்துக் கல்லைக்கூட வேண்டிக்கொண்டேன்.

“அங்கியுமா?” என்றாள் அம்மா. “நீ போற எடத்துக்கெல்லாம் பின்னாடியே வருதே.”

கம்பெனி பஸ் வந்து நின்றது. கூட வேலை செய்கிற பெண் ஒருத்தி உள்ளேயிருந்து, “ஏட்டி முனி, எடம் போட்டுருக்கேன், வாடி” என்று கூப்பிட்டாள். படியில் கால் வைத்தவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

“மணி, ஞாயித்துக்கெழம எங்க ஊருக்கு ஒரு எட்டு போயிட்டு வா” என்றாள். “கல்லு சும்மாதான் நிக்குதாம். கொஞ்சம் மஞ்சளும் குங்குமமும் எடுத்துனு போ.”

பஸ் கிளம்பியது. நல்ல ரோடு, கண்ணை மூடித் திறப்பதற்குள் வளைவைத் தாண்டிவிட்டது.

“இன்னாடா சொல்றா அவ? அங்கியும் எல்லைச் சாமி வந்துருக்குதா?” என்று அம்மா கேட்டாள்.

“வந்துருக்குதும்மா” என்றேன்.

அவள் பஸ் போன திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.